வெட்டுப்புள்ளி எங்கிருந்து வருகிறது? பெறுபேற்றுக்குப் பிந்திய மாதங்களின் கணக்கு

உயர்தரப் பெறுபேறு வெளியான மறுநாள் காலை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மேசையில் இரண்டு தாள்கள் கிடக்கும். ஒன்று, பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து அச்சிட்ட பெறுபேற்றுத் தாள். மற்றது கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளிப் பட்டியல், அதாவது ஒவ்வொரு பல்கலைக்கழகப் பாடநெறிக்கும் கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளி. அதில் கொழும்பு மாவட்டத்துக்குரிய நிரலில், மருத்துவத்துக்கு நேரே, பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கும். பிள்ளையின் இசட் புள்ளி அந்த வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைவிட 0.03 குறைவு. அடுத்து வரும் மாதங்களில் அந்த வீட்டின் பேச்செல்லாம் அந்த 0.03 பற்றித்தான். கனடாவிலிருந்து பெரியப்பா அழைத்தாலும் அதே கேள்வி, கதிரேசன் கோயில் வாசலில் தெரிந்தவர் கண்டாலும் அதே கேள்வி: "கிடைக்குமா?"

இந்தக் கேள்விக்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம் இரகசியம் எதுவும் ஒளித்து வைக்கப்பட்டிருப்பது அல்ல. இந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி என்ற எண் இன்னும் பிறக்கவே இல்லை. அது எப்படிப் பிறக்கிறது என்று விளங்கினால், காத்திருப்பின் பாரம் குறையாவிட்டாலும், அந்த நாட்களில் எடுக்கும் முடிவுகளாவது தவறாமல் இருக்கும். அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

கையில் இருக்கும் எண்: இசட் புள்ளி

உயர்தரத்தில் ஒருவர் பெற்ற மூலப்புள்ளிகளை நேரடியாகக் கூட்டிப் போட்டிக்கு வைப்பதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் அவருடைய புள்ளி, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தத் தூரத்தை அப்பாடத்தின் நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால்) வகுத்தால் வருவதே அந்தப் பாடத்தின் இசட் புள்ளி. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரி, நான்கு தசமதானங்களுக்குப் பெறுபேற்றுத் தாளில் வருகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 20. அதில் 80 எடுத்தவருக்கு (80 − 40) ÷ 20 = 2.0. இன்னொரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10. அதில் 75 எடுத்தவருக்கு (75 − 60) ÷ 10 = 1.5. இரண்டு பாடத்திலும் சித்தி 'ஏ' தான். ஆனால் இசட் புள்ளியில் இடைவெளி அரை அலகு. மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு ஏன் கேட்ட பீடம் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் எழும் கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது. ஏ என்பது 75க்கும் 100க்கும் இடையிலான ஓர் அகலமான பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒருவர் எந்த மூலையில் நிற்கிறார் என்பதை இசட் புள்ளிதான் காட்டுகிறது.

இங்கேயே ஒரு பிழையான நம்பிக்கையையும் களைந்துவிட வேண்டும். "இந்த முறை வினாத்தாள் கடினம், ஆகவே வெட்டுப்புள்ளி குறையும்" என்று தனியார் வகுப்பு வாசல்களில் உறுதியாகச் சொல்வார்கள். வினாத்தாள் எல்லோருக்கும் கடினமாக இருந்தால் சராசரியும் கூடவே இறங்கிவிடும். இசட் புள்ளி அளப்பது சராசரியிலிருந்து உள்ள தூரத்தை. ஆகவே கடினமான தாள் என்ற ஒரே காரணத்தால் வெட்டுப்புள்ளி இறங்கிவிடாது. மூலப்புள்ளி காலத்துப் பேச்சு அது. அந்தக் காலம் 2001 இல் முடிந்துவிட்டது.

தகுதி வேறு, தெரிவு வேறு

பெறுபேறு வரும் நாளில் "பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றோர்" என்று ஒரு தொகை செய்திகளில் வரும். அண்மைய ஆண்டுகளில் அது ஒன்றரை இலட்சத்தைத் தாண்டுகிறது. ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் ஆகக்குறைந்தது சாதாரண சித்தி, பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி: தகுதி என்பது இவ்வளவுதான். அரச பல்கலைக்கழகங்களில் உள்ள இடங்களோ ஏறத்தாழ நாற்பதாயிரம் சொச்சம். மருத்துவத்துக்கு இருப்பவை அந்த நாற்பதாயிரத்தில் ஒரு சிறு கீற்று. தகுதி பெற்றோரில் பெரும்பான்மையானவர்களுக்கு இடம் இல்லை என்ற நிலையை நாடு பழகிப்போன விடயமாக ஏற்றுக்கொண்டிருப்பதுதான் வேதனை.

நாற்பது, ஐம்பத்தைந்து, ஐந்து

சில பாடநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை ஒழுங்கு மட்டுமே பார்க்கப்படுகிறது. மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் இடங்கள் மூன்றாகப் பிரிகின்றன:

1. 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில்.
2. 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் அவற்றின் சனத்தொகைக்கு ஏற்ப.
3. 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கொழும்பு இதில் இல்லை.

கணக்கு எளிதாக இருக்க, ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதும் 2000 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 800 திறமைக்கு, 1100 மாவட்டங்களுக்கு, 100 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 3 இலட்சம், கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம். அதாவது 11.4 சதவீதம். ஆகவே 1100 இல் கொழும்புக்கு ஏறத்தாழ 125 இடங்கள். அதே மதிப்பீட்டில் முல்லைத்தீவின் சனத்தொகை ஓர் இலட்சத்துக்கும் குறைவு. அதன் பங்கு ஐந்து இடங்கள், அதோடு பின்தங்கிய மாவட்டங்களுக்கான நூறிலிருந்து ஒரு சிறு பங்கு.

கொழும்பில் பலர் இதை ஓர் அநீதியாகப் பேசுகிறார்கள். "அங்கே 1.4 க்குக் கிடைக்கிறது, எங்கள் பிள்ளைக்கு 1.8 க்கும் இல்லை" என்பார்கள். அந்த வலி உண்மையானது. ஆனால் இரசாயன ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையிலும், விஞ்ஞான ஆசிரியர் பாதி ஆண்டுக்கு வராத பாடசாலையிலும் படித்த பிள்ளை எடுக்கும் 1.4 க்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். என்னுடைய மனக்குறை வேறு. மாவட்டம் என்பது மிகவும் தடித்த அளவுகோல். மட்டக்குளியில் ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையில், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பெற்றோரின் பிள்ளையாக, மாலையில் ஒரேயொரு வகுப்புக்குப் போகப் பஸ் காசு எண்ணிப் படித்தவரும் கொழும்பு மாவட்டம்தான். நகரின் பெயர்பெற்ற பாடசாலையில் மூன்று பாடங்களுக்கும் தனித்தனி ஆசிரியர்களிடம் படித்தவரும் கொழும்பு மாவட்டம்தான். இருவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. இந்தப் பேதத்தைப் பார்க்கும் கண் இந்த முறைக்கு இல்லை.

மாவட்டம் எது என்பதும் வீட்டு முகவரியால் மட்டும் முடிவாவதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தார் என்பது முக்கியமாகிறது. உயர்தரத்துக்கென ஊர் மாறிய பிள்ளைகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அந்தப் பகுதியை ஒன்றுக்கு இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

வெட்டுப்புள்ளியை யாரும் நிர்ணயிப்பதில்லை

இதுவே இந்த விடயத்தின் மையம். "இந்த முறை வெட்டுப்புள்ளியை எவ்வளவுக்கு வைப்பார்கள்?" என்று கேட்கிறோம். ஓர் அதிகாரி உட்கார்ந்து 1.75 என்று எழுதி ஒப்பமிடுவதைப்போல ஒரு காட்சி மனதில் இருக்கிறது. நடப்பது அதுவல்ல. முதலில் இடங்கள் நிரப்பப்படுகின்றன. நிரம்பிய பின், கடைசியாக உள்ளே வந்தவரின் இசட் புள்ளி எது என்று பார்த்தால், அதுவே வெட்டுப்புள்ளி. பஸ் நிறைந்த பிறகு கடைசிப் படியில் நிற்பவரின் உயரத்தை அளப்பது போன்றது.

மூன்று இடங்கள் மட்டுமே உள்ள ஒரு பாடநெறியை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பித்த ஐவரின் இசட் புள்ளிகள் 2.1, 2.0, 1.9, 1.8, 1.7. முதல் மூவரும் அதையே முதலில் கேட்டிருந்தால் வெட்டுப்புள்ளி 1.9. அடுத்த ஆண்டும் அதே ஐந்து புள்ளிகள் என்று வைப்போம். ஆனால் 2.1 எடுத்தவர் வேறொரு பாடநெறியை முதலில் எழுதுகிறார், 2.0 எடுத்தவர் புலமைப்பரிசில் பெற்று வெளிநாடு போகிறார். இப்போது வெட்டுப்புள்ளி 1.7. ஒருவருடைய அறிவும் கூடவில்லை, குறையவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களின் தெரிவு மட்டுமே மாறியது.

ஆகவே கடந்த ஆண்டுப் பட்டியலில் பென்சிலால் வட்டமிட்ட அந்த எண், கடந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களின் விருப்பங்கள் விட்டுச் சென்ற சுவடு. இந்த ஆண்டு அது நகர்வதற்குக் காரணங்கள்:

1. இடங்களின் எண்ணிக்கை. ஒரு புதிய பீடம் திறந்தாலோ ஒரு பீடம் கூடுதலாக உள்வாங்கினாலோ கோடு கீழே இறங்கும்.
2. விருப்பங்களின் போக்கு. கணினி சார்ந்த பாடநெறிகளை நாடும் அலை எழுந்தால் அவற்றின் வெட்டுப்புள்ளி ஏறும், அவர்கள் விட்டுவந்த பாடநெறியில் இறங்கும்.
3. உச்சியில் உள்ளவர்களின் செறிவு. மூன்றாம் தடவை வரை தோற்ற அனுமதி உண்டு என்பதால், முன்வரிசையில் நன்கு பழகியவர்கள் எத்தனை பேர் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

கடந்த ஆண்டுப் பட்டியலைவிடப் பயனுள்ள தகவல் ஒன்று பெறுபேற்றுத் தாளிலேயே இருக்கிறது. பலர் அதைச் சரியாக வாசிப்பதில்லை. அகில இலங்கை நிலை, மாவட்ட நிலை என்ற இரண்டு எண்கள் அவை. மேலே சொன்ன 2000 இடக் கணக்கையே தொடர்வோம். அகில இலங்கையில் முதல் 800 பேருக்குள் கொழும்பு மாவட்டத்தவர்கள் 170 பேர் என்று வைத்தால், அவர்கள் திறமை ஒதுக்கீட்டில் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பின் வரும் 125 பேர் மாவட்ட ஒதுக்கீட்டில். ஆக, மாவட்ட நிலை 295 வரை எட்டும். மாவட்டத்தில் 300 ஆம் நிலையில் உள்ள பிள்ளை கோட்டுக்கு வெளியே நிற்கிறார். ஆனால் அவருக்கு முன்னால் இருப்பவர்களில் ஐந்தாறு பேர் வேறு பாதைக்குப் போனாலே உள்ளே வந்துவிடுவார். 700 ஆம் நிலையில் உள்ளவருக்கு எவ்வளவு பேர் விலகினாலும் அது போதாது. எண்கள் கற்பனைதான். கைந்நூலில் ஒவ்வொரு பாடநெறிக்குமான உத்தேச அனுமதி எண்ணிக்கை தரப்பட்டிருக்கிறது. அதை வைத்து இதே கணக்கை ஒருவர் தம் நிலையைக்கொண்டு வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். இசட் புள்ளியைத் தட்டச்சிட்டால் உடனே "கிடைக்கும்", "கிடைக்காது" என்று சொல்லும் இணையப் பக்கங்களை விட அந்தக் கடதாசிக் கணக்கு நேர்மையானது.

விருப்ப ஒழுங்கு: அஞ்ச வேண்டிய இடமல்ல

விண்ணப்பத்தில் பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீடுகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். மாணவர்கள் இதை யூனிகோட் என்பார்கள். தெரிவு நடக்கும்போது, இசட் புள்ளிக்கு எட்டக்கூடிய விருப்பங்களுள் மேலே உள்ளது எதுவோ அதுவே வழங்கப்படுகிறது. கிடைக்காத ஒன்றை முதலில் எழுதியதற்காக இரண்டாவது விருப்பத்தில் யாரும் தண்டிக்கப்படுவதில்லை.

இது விளங்காமல் நடக்கும் இழப்பு பெரிது. "கின்சி வீதி மருத்துவபீடம் எட்டாது, அதை எழுதி ஏன் ஓர் இடத்தை வீணாக்க வேண்டும்" என்று நீக்கிவிட்டு, பாதுகாப்பானது என்று நினைக்கும் ஒன்றை முதலில் எழுதுகிறார்கள். பிறகு கோடு இறங்கியதைப் பார்த்து மனம் உடைகிறார்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு: உண்மையில் போக விருப்பமில்லாத பாடநெறியை அயலாருக்குச் சொல்ல நன்றாக இருக்கும் என்று மேலே எழுதினால் அதுவே கிடைத்துவிடும். கட்டடக்கலை போன்ற சில பாடநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். அதற்கான விண்ணப்ப அறிவித்தல் தனியாக வரும். யூனிகோட் பட்டியலில் எழுதிவிட்டு அந்தப் பரீட்சையைத் தவறவிட்டவர்களுக்கு அந்த வரி வெறும் மையாகவே எஞ்சும்.

ஏன் இத்தனை மாதங்கள்?

2024 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. பெறுபேறு 2025 ஏப்ரல் இறுதியில் வந்தது. அதன்பிறகும் மீள்பரிசீலனை விண்ணப்பங்கள், பல்கலைக்கழக விண்ணப்பம், மாவட்டச் சரிபார்ப்பு, உளச்சார்புப் பரீட்சைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை இருக்கிறது. இவை அனைத்தும் முடியாமல் இடங்களை நிரப்ப முடியாது, ஏனெனில் மீள்பரிசீலனையில் ஒரு சிலருடைய புள்ளி மாறினாலும் அவர்களுக்குக் கீழே உள்ள எல்லோருடைய நிலையும் நகரும்.

இந்தத் தாமதத்தின் கொடுமையான விளைவு வேறிடத்தில் இருக்கிறது. 2025 பரீட்சை நவம்பர் 10 இல் தொடங்கியது. அதாவது ஏப்ரலில் பெறுபேறு பெற்ற பிள்ளைக்கு அடுத்த பரீட்சைக்கு இருந்தது ஆறு மாதமும் சில நாட்களும். "இரண்டாம் தடவை எடுக்கவா, காத்திருக்கவா?" என்ற கேள்விக்கு, வெட்டுப்புள்ளி தெரியாத இருட்டிலேயே விடை காண வேண்டியிருக்கிறது. கோட்டுக்கு அருகில் நிற்கும் பிள்ளைகள்தான் அதிகம் தத்தளிப்பவர்கள். அவர்கள் புத்தகத்தைத் திறந்தாலும் மனம் இணையத்தளத்தில் இருக்கும். மாவட்ட நிலைக் கணக்கு கோட்டின் விளிம்பைக் காட்டினால், வெட்டுப்புள்ளிக்காகக் காத்திராமல் படிப்பைத் தொடங்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. இடம் கிடைத்தால் படித்த சில மாதங்களுடன் நட்டம் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் அந்த மாதங்களே அடுத்த தடவையைக் காப்பாற்றும்.

நம்பிக்கையின்மைக்கு ஒரு வரலாறு

தமிழ் வீடுகளில் வெட்டுப்புள்ளியைப் பற்றிய சந்தேகம் காரணமின்றி வந்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் மொழிமூலத்தின் அடிப்படையில் தரப்படுத்தல் வந்தபோது, அதே பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர்கள் சிங்கள மொழிமூல மாணவர்களைவிடக் கூடிய புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஒரு தலைமுறையின் கசப்பு அதிலிருந்து தொடங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டிலின் முன்மொழிவாக வந்த இசட் புள்ளி முறை மொழியைப் பார்ப்பதில்லை. வெவ்வேறு பாடங்களை நியாயமாக ஒப்பிடுவதே அதன் நோக்கம்.

அதிலும் பிழை நேர்ந்தது. 2011 இல் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒரே ஆண்டில் தோற்றினர். இரண்டு வெவ்வேறு வினாத்தாள்களை எழுதியவர்களை ஒரே கூட்டமாகக் கருதிக் கணக்கிட்டதால் வழக்கு எழுந்தது. 2012 இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பை ஏற்காமல், இரு குழுக்களுக்கும் தனித்தனியே கணிக்கப் பணித்தது. சராசரி யாருடைய சராசரி என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்கு அந்த ஆண்டு மாணவர்கள் இழந்த காலமே சாட்சி.

கோடு வந்த பிறகும் ஆட்டம் முடிவதில்லை

வெட்டுப்புள்ளி வெளியான அன்று மாலை பல வீடுகளில் கதவு சாத்தப்பட்டுவிடும். 0.0100 புள்ளியால் தவறியவரின் அறைக்கதவு முதலில். ஆனால் அன்று வெளியானது முதற்சுற்றுத் தெரிவு. தெரிவானவர்கள் குறிப்பிட்ட திகதிக்குள் இணையவழியில் பதிவு செய்து கட்டணம் செலுத்த வேண்டும். எல்லோரும் செய்வதில்லை. சிலர் மெல்பேர்னிலோ சிங்கப்பூரிலோ இடம் கிடைத்துப் போயிருப்பார்கள். சிலர் மீண்டும் பரீட்சை எடுப்பதற்காக விலகுவார்கள். ஒருமுறை பதிவு செய்தவர் பின்னொரு ஆண்டில் மீண்டும் விண்ணப்பிப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், யோசித்துத்தான் விலகுகிறார்கள்.

இந்த இடைவெளியில் தனியார் உயர்கல்வி நிறுவனங்களின் அழைப்புகள் தொலைபேசியில் வரத் தொடங்கும். முற்பணம் கட்டுமுன் இரண்டு விடயங்களை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பணம் திரும்புமா, அந்தப் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டிருக்கிறதா. நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவமும் பொறியியலும் ஆங்கில மொழிமூலத்தில் நடப்பதால், தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளை காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலத்துக்குச் செலவிடும் நேரம் எந்த முடிவு வந்தாலும் வீண்போகாது.

பதிவுத் திகதி முடிந்ததும் நிரம்பாத இடங்கள் எண்ணப்படுகின்றன. யாரோ ஒருவர் மெல்பேர்ன் விமானத்தில் ஏறியதால் காலியான இடம் அது. அந்த வெற்றிடம், அதே மாவட்டத்தில், அதே பாடநெறியைத் தன் பட்டியலில் நீக்காமல் வைத்திருந்த அடுத்த நிலைப் பிள்ளையின் பெயரைத் தேடிப் போகிறது.